சோடியத்துக்கு மேல்வீடு

ஜூலை 4, வெள்ளி

நகைக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதமாகப் பருப்பு டப்பா மேல் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்தேன். யாரிடமாவது வாய்விட்டுக் கத்தினால் தேவலை போலிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கத்தினால் செண்பகவல்லி மிஸ்ஸுக்கு பி.பி. என்பார்கள். வீட்டில் கத்தினால் இவர் பயந்துபோவார். அதனால் இதில் கத்துகிறேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் உலகநாதன். குளித்தலையில் மைக் செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் இவருடைய குழாய் ஸ்பீக்கர்தான், இவருடைய குரல்தான். "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் முசிறிக்காரன் திரும்பிப் பார்ப்பான் என்று பெருமையடித்துக்கொள்வார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

ஏப்ரலில் அந்தக் குரலுக்குப் பிடித்தது சனியன். தூக்கமே இல்லாமல் போயிற்று. ஆட்டோவில் நாலு குழாயைக் கட்டிக்கொண்டு, "முசிறிக்கு இன்னொரு பாலம் கட்டப்போறோம், வீட்டுக்கு ஒரு கல்லு கொண்டாங்க" என்று ஊரெல்லாம் அறிவித்தார். கேட்டவனுக்கெல்லாம் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கொடுத்தார். தடுக்கப் போன என்னை மைக்கிலேயே திட்டினார், ஊருக்கே கேட்கிற மாதிரி. திருச்சியில் மனநல ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தார். இப்போது இரண்டு வேளையும் லித்தியம் மாத்திரை. தனிம அட்டவணையில் மூன்றாவது ஆள். இருபது வருடமாக எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுக்கிற அட்டவணை, இப்போது என் புருஷனுக்கு மருந்தும் கொடுக்கிறது.

மாத்திரையால் மனிதர் மனிதராகிவிட்டார். அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்று விடிகாலையில் எழுந்து பார்த்தால் படுக்கையில் ஆளில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து குழாய் ஸ்பீக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தூக்கம் வரல செண்பா. அந்தப் பாலத்தைப் பத்தித்தான் யோசிச்சேன்."

மறுபடியுமா? இன்னொரு தடவை என்னால் முடியாது. சத்தியமாக முடியாது.

ஜூலை 5, சனி

திருச்சியில் இவருக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ரெஜினாவுக்கு போன் செய்தேன். நிதானமான மனுஷி.

"ஒரு நாள் தூக்கம் வராதது எல்லாருக்கும் உண்டு டீச்சர். இருபத்தாறாம் தேதி அழைச்சிட்டு வாங்க, ரத்தத்துல லித்தியம் எவ்வளவு இருக்குன்னு பார்த்துடலாம். அது வரைக்கும் மாத்திரை, தண்ணி, சாப்பாடு எதையும் மாத்தாதீங்க. எது மாத்துறதா இருந்தாலும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

சரிங்க டாக்டர் என்றேன். சாப்பாட்டில் மாற்ற என்ன இருக்கிறது? அதே சாம்பார், அதே ரசம்.

ஜூலை 10, வியாழன்

ப்ளஸ் ஒன்னில் தனிம அட்டவணை ஆரம்பித்தாயிற்று. ஏன் இவற்றையெல்லாம் ஒரே தொகுதியில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். முப்பத்தெட்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து, "ஒரே சைஸா இருக்கும் மிஸ்" என்றாள். அடி அசடே. லித்தியம் கையளவு என்றால் சீசியம் கல்யாண அண்டா.

முதலில் எடை வாரியாகத்தான் அடுக்கினார்கள், அடுக்கும்போது ஒரே குணம் திரும்பத் திரும்ப வந்தது, குணம் ஒத்துப்போகிறவர்களை ஒருவர் கீழ் ஒருவராக வைத்தார்கள், ஆள் கிடைக்காத இடத்தைக் காலியாக விட்டார்கள் என்று சொன்னேன். ஏன் குணம் ஒத்துப்போகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளே எத்தனை கூடு இருந்தால் என்ன? அணுவின் ஆகக் கடைசிக் கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்பதுதான் குணம். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றுக்கும் கடைசிக் கூட்டில் ஒன்றே ஒன்று. அதை எவன் தலையிலாவது கட்டிவிடத்தான் மூன்றும் தவிக்கின்றன. "முதல் தொகுதி ஒரு மாடி வீடு. சோடியம் கீழ்வீடு, அதுக்கு நேர் மேல்வீடு லித்தியம். ரெண்டு பேருக்கும் ஒரே புத்தி" என்றேன். சிரித்தார்கள்.

மண்ணெண்ணெயிலிருந்து சோடியத்தை எடுத்துப் பட்டாணியளவு வெட்டித் தண்ணீரில் போட்டுக் காட்டினேன். சீறிக்கொண்டு ஓடியது. லித்தியம் எங்கே மிஸ் என்று கேட்டார்கள். லேபில் இல்லை என்றேன். என் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு டப்பா நிறைய இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

சாயங்காலம் தையல்நாயகி அண்ணி வந்தார். இவருடைய அக்கா, அடுத்த தெரு. இவருடைய சின்ன வயதிலேயே மாமியார் போய்விட, இவரைத் தூக்கி வளர்த்தவர். "ஆடி பொறக்கப் போவுது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, தம்பி உப்பில்லாம விரதம் இருக்கட்டும் செண்பகம். ஆத்தா பார்த்துக்குவா" என்றார்.

"உப்புக்கும் மூளைக்கும் என்ன அண்ணி சம்பந்தம்?" என்று கேட்டுச் சிரித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று சிரிப்பு இல்லை. ஒரு காதுகுத்து வீட்டில் இவர் மைக் கட்டப் போனார், நானும் கூடப் போயிருந்தேன். தாய்மாமன் சீர் அறிவிக்க வேண்டிய இடத்தில் பாலத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நேரம்தான், தானாகவே நிறுத்திவிட்டார். வந்திருந்தவர்கள் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குச் செத்துப்போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். "எனக்கே தெரியுது செண்பா. வாய் தானா போவுது. என்னைத் திரும்ப அங்க விட்டுறாதே."

நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். "காப்பு எப்ப அண்ணி?" என்று கேட்டேன். அவர் என் தலையைத் தடவினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இத்தனை வருடம் பரிகாரம் செய்கிறவர்களையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் கிழித்தவள் நான்.

ஜூலை 22, செவ்வாய்

காப்புக் கட்டியாயிற்று. மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு, வேப்பிலை. இவருக்கு வலது கையில். ஆகஸ்ட் எட்டாம் தேதி பால்குடம் எடுத்து அவிழ்க்கிற வரைக்கும் உப்பு கூடாது, காப்போடு ஊர் எல்லை தாண்டக் கூடாது. காப்புக் கட்டாவிட்டாலும் நானும் உப்பைத் தொடுவதில்லை என்று முடிவு. இவர் மட்டும் சப்பென்று தின்ன, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாயா நக்குவேன்?

உப்பு ஜாடியை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டேன்.

ஜூலை 24, வியாழன்

இரண்டாம் தொகுதி நடத்தினேன். பாடம் சுவாரசியமாக இருக்கட்டும் என்று ஸ்ட்ரான்ஷியம் கதை சொன்னேன். அது கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பது. எலும்புக்கு வேண்டியது கால்சியம். ஆனால் அணுகுண்டுச் சாம்பலில் இருந்து ஸ்ட்ரான்ஷியம் வந்தால் எலும்பு அதையும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். ஒரே தொகுதிக்காரனைப் பார்த்தால் உடம்பு ஏமாந்துபோகும் என்றேன்.

கடைசி பெஞ்சு ருக்சானா எழுந்தாள். "மிஸ், அப்ப முதல் தொகுதியில? சோடியம் கிடைக்கலைன்னா உடம்பு வேற எதையாவது புடிச்சு வச்சுக்குமா?"

"சிலபஸ்ல இல்லாததைக் கேக்காதே, உக்காரு" என்றேன். மணியும் அடித்துவிட்டது. நல்ல கேள்விதான். நாளைக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்து உப்பில்லாத கூட்டு செய்தேன். புடலங்காயைத் தனியாகத் தின்பதும் வைக்கோலைத் தின்பதும் ஒன்றுதான்.

ஜூலை 25, வெள்ளி

நாளைக்கு ரத்தப் பரிசோதனை. திருச்சி போக வேண்டும். காப்போடு எல்லை தாண்டக் கூடாதே என்று அண்ணி நினைவுபடுத்தினார். டாக்டரின் நர்ஸுக்கு போன் செய்து, "ஸ்கூல்ல மாதத் தேர்வு, ஒன்பதாம் தேதி வர்றோம்" என்றேன். தேர்வும் இல்லை, ஒன்றும் இல்லை. வேறென்ன சொல்வது? எம்.எஸ்ஸி., எம்.எட். படித்த கெமிஸ்ட்ரி டீச்சர் புருஷனுக்குக் காப்புக் கட்டி உட்கார வைத்திருக்கிறாள் என்றா? பதினாலு நாளில் குடி முழுகிப்போகாது.

ஜூலை 28, திங்கள்

"ஒரே ஒரு கல்லு உப்பு போடேன் செண்பா. ஆத்தாவுக்குத் தெரியவா போவுது?"

"ஆத்தாவுக்குத் தெரியாட்டி எனக்குத் தெரியும். சும்மா சாப்பிடுங்க."

பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். மனசு கேட்கவில்லை. வாழைப்பழம் ஒன்று அதிகமாக வைத்தேன்.

ஜூலை 31, வியாழன்

ஆத்தா கண் திறந்துவிட்டாள். இவர் பாலத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தால் காலையில் நான் எழுப்ப வேண்டியிருக்கிறது. சத்தமே இல்லை. அண்ணி வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கை மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது. ஆஸ்பத்திரியிலேயே சொன்னார்கள், மாத்திரைக்கு லேசான நடுக்கம் இருக்கும் என்று. தண்ணீர்தான் குடம் குடமாகக் குடிக்கிறார். ஆடி வெயில் அப்படி.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இவருக்குப் பேதி. உப்பில்லாத மோர் கொடுத்தேன். வாழைப்பழம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் கரைபுரள்கிறது. கடம்பந்துறையில் நிற்க இடமில்லை. ஊரே புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு வந்திருந்தது. நானும் அண்ணியும் காப்பரிசி வைத்துக் கும்பிட்டோம். இவர் படியில் இறங்கும்போது கால் பின்னிக்கொண்டது. யாரோ ஒருவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டான் பாரு" என்று பின்னால் ஒருத்தன் சொன்னான். திரும்பி, "உன் வாயில புழு விழ" என்று கத்தினேன். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இவருக்கு டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, பால் முழுக்க வேட்டியில். பலவீனம் என்கிறார் அண்ணி. விரதம் என்றால் பலவீனம் இருக்காதா? நானும் இதையேதான் தின்கிறேன், இதே சோறு, இதே கூட்டு. எனக்கு ஒன்றும் இல்லையே. அப்படியானால் சாப்பாடு காரணமில்லை.

இன்னும் ஐந்து நாள்தான். ஆத்தா, ஐந்தே நாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேச்சு குழறுகிறது. என் பெயரைச் சொல்ல இரண்டு தடவை முயற்சி செய்தார்.

ஆகஸ்ட் 6, புதன், திருச்சி

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் சுவரில் தலையை மோதிக்கொள்வேன்.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்துக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். குளியலறையில் தடால் என்று சத்தம். போய்ப் பார்த்தால் இவர் தரையில், கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது, கண் மேலே செருகியிருக்கிறது. நான் அலறியதில் தெருவே வந்தது. ஆட்டோக்காரர் தேவசகாயம், பழைய மைக் செட் கூட்டாளி, போன் போட்டு ஆம்புலன்ஸை வரவழைத்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அண்ணி வாசலில் குறுக்கே நின்றார்.

"காப்போட எல்லை தாண்டாதே செண்பகம். குளித்தலையிலயே காட்டு. மூணு நாள்தானே இருக்கு. ஆத்தா கோவக்காரி. எந்தம்பியக் கொன்னுடாதே."

"வழி விடுங்க அண்ணி."

"மாட்டேன்."

காய்கறிக் கத்தியை எடுத்து வந்து அந்த மஞ்சள் கயிற்றை அறுத்து வாசலிலேயே எறிந்தேன். அண்ணி நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பியது. பெட்டவாய்த்தலை தாண்டும்வரை நானும் உள்ளுக்குள் ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் போனேன்.

டாக்டர் ரெஜினா தானே இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கேள்வி மேல் கேள்வி. காய்ச்சல் உண்டா? வலி மாத்திரை ஏதாவது? மாத்திரையை அதிகமாகப் போட்டுவிட்டாரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா டீச்சர்?"

"இல்லை டாக்டர்."

வாய் கூசாமல் சொன்னேன். பயத்தில் கூட என் மானம் பெரிதாகத் தெரிந்தது. அப்போது நர்ஸ் இவருக்குப் பாட்டில் மாட்டினாள். தலைக்கு மேல் தொங்குகிற பாட்டிலைப் பார்த்தேன். சோடியம் குளோரைடு என்று அச்சடித்திருந்தது. உப்புத் தண்ணீர். வேறொன்றும் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர்.

சோடியம் கிடைக்கலைன்னா உடம்பு வேற எதையாவது புடிச்சு வச்சுக்குமா மிஸ்?

சுவரைப் பிடித்துக்கொண்டேன். கீழ்வீட்டுக்காரன் இல்லாதபோது மேல்வீட்டுக்காரனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தியிருக்கிறது இவர் உடம்பு. தினமும் நானே மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், நானே உப்பைப் பரணில் ஏற்றியிருக்கிறேன். என் உடம்பில் லித்தியம் இல்லை, அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இதுகூடத் தெரியாமல் 'நானும் இதையேதான் தின்கிறேன்' என்று எழுதி வைத்திருக்கிறேன், படித்த முட்டாள்.

"டாக்டர், நான் பொய் சொன்னேன்" என்றேன். "ரெண்டு வாரமா இவருக்கு உப்பே கிடையாது. விரதம். ரத்தம் குடுக்க வராததுக்கும் அதுதான் காரணம். ஸ்கூல்ல தேர்வு எதுவும் இல்லை."

ரெஜினா ஒரு நொடி என்னைப் பார்த்தார். "நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?" என்றார். குத்தலாகக் கேட்கவில்லை. நம்ப முடியாமல் கேட்டார். அதுதான் இன்னும் அறுக்கிறது.

"ஆமா டாக்டர். சோடியத்துக்கு நேர் மேல லித்தியம். போன மாசம்தான் நடத்தினேன். என் கையாலயே இவருக்கு விஷம் வச்சுட்டேன்."

இவர் கண்ணை மூடிக் கிடந்தார். நல்லவேளை, நினைவில்லை.

"உப்புக் குறைஞ்சா சிறுநீரகம் ஒரு துளி சோடியத்தையும் வெளிய விடாது. லித்தியத்தையும் சோடியம்னு நினைச்சு சேர்த்தே இழுத்துக்கும்" என்றார் டாக்டர். "பேதி வேற. உங்களைத் திட்டி இப்ப ஒண்ணும் ஆகப்போறதில்லை. ரத்தத்துல மூணு புள்ளி ரெண்டு இருக்கு. ஒண்ணுக்குக் கிட்டத்தான் இருக்கணும். டயாலிசிஸ் பண்ணித்தான் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

முதல் டயாலிசிஸ் முடிந்தது. கண் திறக்கவில்லை. மூளைக்குள் போன லித்தியம் மெதுவாகத்தான் வெளியே வருமாம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஊரில் இன்று பால்குடம். இவர் இல்லாமல் வேறு யாரோ மைக் கட்டியிருப்பார்கள். இரண்டாவது டயாலிசிஸ். எந்தச் சாமியையும் கும்பிடத் தோன்றவில்லை, கும்பிடாமலும் இருக்க முடியவில்லை. இவர் பிழைத்தால் போதும். பாலம் கட்டட்டும், ஊரைக் கூட்டட்டும், மைக்கில் என்னைத் திட்டட்டும். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கண் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், "ஹ" என்று காற்று மட்டும் வந்தது. அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

கேன்டீனில் உப்புப் போடாத தயிர்சாதம் கேட்டேன். "உங்களுக்கு பிரஷரா மேடம்?" என்றான். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

அண்ணி வந்தார். இத்தனை நாள் எட்டிப் பார்க்கவில்லை, நான் கயிற்றை அறுத்த கோபம் என்று நினைத்திருந்தேன். என்னிடம் கேட்டுப் போன தேவசகாயம் சொல்லி உப்பு விஷயம் தெரிந்திருக்கிறது. வந்தவர் இவர் காலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

வெளியே வந்ததும், "நான்தானேம்மா சொன்னேன், உப்பில்லாம இருக்கட்டும்னு" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது அண்ணி. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்சே?"

வகுப்பில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் தூக்குவாளியில் கொண்டுவந்த ரசஞ்சாதத்தை நான் சாப்பிடவில்லை, பசியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்தோம். பிடித்துக்கொண்டு நடக்கிறார். கை நடுக்கம் நிற்கவில்லை. பேச்சு பேட்டரி இறங்கிய டேப் மாதிரி இழுத்து இழுத்து வருகிறது. லித்தியம் சிறுமூளையைப் பாதித்துவிட்டது, சிலருக்கு மாதக்கணக்கில் சரியாகும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும் என்றார் டாக்டர். லித்தியத்தை நிறுத்தியாயிற்று. இனி இவருக்கு அது கிடையாது. இவரைப் பிடித்து நிறுத்திய ஒரே கயிறு அது, அதையும் சேர்த்துத்தான் நான் அறுத்திருக்கிறேன். வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது கேட்குமா கேட்காதா என்று தெரியாது.

மத்தியானம் நான் துணி காயப்போட மாடிக்குப் போனேன். கீழே ஆம்ப்ளிஃபயர் போடுகிற சத்தம்.

"ஹ...லோ... மை...க்..."

அவ்வளவுதான். இறங்கி வந்து பார்த்தபோது ஆம்ப்ளிஃபயரை அணைத்து அதன் மேல் தன் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதையும் கேட்காதவள் போல அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

செப்டம்பர் 3, புதன்

பள்ளிக்கூடம் போனேன். முதல் தொகுதியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றேன். ருக்சானாவை எழுப்பினேன். பயந்துகொண்டே எழுந்தாள்.

"அன்னிக்கு நீ ஒரு கேள்வி கேட்டே. பதில், ஆமா. புடிச்சு வச்சுக்கும். சிலபஸ்ல இல்லைன்னு உன்னை உக்கார வச்சது என் தப்பு."

கரும்பலகையில் லித்தியத்தை எழுதி, அதற்குக் கீழே சோடியத்தை எழுதினேன். "இதை மறந்துட்டா மார்க்கு மட்டும் போகாது" என்றேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள். ருக்சானா மட்டும் என் முகத்தையே பார்த்தாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கத்தரிக்காய் சாம்பார், அப்பளம். இவருக்குத் தட்டு ஓரத்தில் உப்பு வைத்தேன். டாக்டர் சொல்லாவிட்டாலும் இப்போது அதை முதலில் வைத்துவிட்டுத்தான் சோறு போடுகிறேன். எனக்கு வெறும் சோறும், உப்புச் சேர்ப்பதற்கு முன் கிண்ணத்தில் எடுத்து வைத்த பருப்பும். எதிரில் உட்கார்ந்தேன்.

இவர் சாப்பிடவில்லை. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒ...னக்கு... உப்பு?"

"போட்டுக்கிட்டேங்க."

"பொய்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னி...க்கு... டாக்டர்...ட்ட... சொன்னியே..." ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தார். "எல்லாம்... கேட்டுச்சு. வாய்...தான்... போச்சு செண்பா. காது... போகல."

ஒரு மாதமாக இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நான் ஊட்டிய சோற்றையெல்லாம் வாங்கியிருக்கிறார். நான் கொடுத்த மாத்திரையையெல்லாம் என்ன ஏது என்று கேட்காமல் விழுங்கியிருக்கிறார்.

நடுங்குகிற விரல்களால் தன் தட்டு ஓரத்து உப்பை அள்ளினார். கை மேசையைத் தாண்டி வருவதற்குள் பாதி கீழே கொட்டிவிட்டது. மீதியை என் சோற்றின் மேல் உதறினார். மறுபடி அள்ளினார், மறுபடி உதறினார்.

"போதும்... டி. சாப்டு."

பிசைந்து வாயில் வைத்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்பக் கரித்தது. தட்டில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.